சுணையற்ற செடிகளை அறியும் முறை: கீழாநெல்லியைக் கொண்டு ஒரு பாடம்

மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், பழமலைநாதர் திருக்கோயிலாலும் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்ற ஊர். முன்னர்த் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1993-ஆம் ஆண்டு முதல் கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரைச் சுற்றிலும் செம்மண் பூமியும், முந்திரித் தோப்புகளும், நிலக்கடலைக் கொல்லைகளும் பரந்துள்ளன. பருவமழை பெய்து சில நாட்கள் சென்றதும், வரப்பிலும் தோப்பின் நிழலிலும் எண்ணற்ற பூண்டுகள் முளைக்கின்றன. குடியானவர் இவற்றைக் களையென்று பிடுங்கி எறிகின்றனர். ஆயினும் இவற்றுட் சில கறிக்கு உதவுவன. சில மருந்துச் சரக்காகி நாலு காசு தருவன. சிலவோ உயிரைப் போக்கும் நஞ்சு.

மூலிகை பறிப்போர் பெரும்பாலும் நிலமற்ற ஏழைகள்; அவர்களுள்ளும் பெண்டிரே மிகுதி. அவர்கள் கட்டும் மூட்டையில் வேறு பூண்டு கலந்திருப்பின், வாங்குவோன் விலையைக் குறைப்பான், அல்லது மூட்டையையே திருப்பிவிடுவான். அவன் கவனியாது வாங்கிவிட்டாலோ, அப்பிழை மருந்தில் ஏறி நோயாளியின் வயிற்றை அடையும். ஆகையால் செடியைப் பிழையின்றி அறிதல், பறிப்போர்க்குக் கூலியைப் பற்றிய விஷயம். உண்போர்க்கு உயிரைப் பற்றிய விஷயம்.

செடிகளை அறிவதற்குப் பூவின் அமைப்பே தலைசிறந்த ஆதாரமென்று தாவர நூலோர் கூறுவர். எனினும், பூ எல்லாக் காலத்தும் கிடைப்பதில்லை. கிடைப்பினும் கடுகினும் சிறிதாக இருக்கலாம். எப்போதும் கைக்கெட்டும் அடையாளம் ஒன்று உண்டு. அது இலையும் தண்டும் காயும் சுணை உடையனவா, அற்றனவா என்பதே. இவ்வடையாளத்தின் பயனையும் அதன் எல்லையையும், யாவரும் அறிந்த கீழாநெல்லியை உதாரணமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகின்றது.

1. சுணை என்பது யாது?

கரும்புத் தோகையும் வைக்கோலும் மேலிற் பட்டால் அரிப்பதைச் சுணை என்று கூறுவது வழக்கம். இப்பாடத்தில், அரிப்பினும் அரியாவிடினும், செடியின் மேற்றோலிலிருந்து வளரும் நுண்ணிய மயிர்கள் யாவும் சுணை எனப்படும். துத்தி இலையைத் தடவினால் வெல்வெட்டுத் துணியைத் தடவியதுபோல் இருப்பது இதனாலேயே. முசுமுசுக்கை இலை கையிற் சொரசொரப்பதும், காஞ்சொறி பட்ட இடம் எரிவதும், பூனைக்காலிக் காயின் பொன்னிறத் தூள் தாங்கொணா அரிப்பைத் தருவதும் சுணையின் பல்வேறு வகைகளே. இம்மயிர்கள் வெயிலின் கடுமையைத் தணிக்கவும், இலையிலுள்ள ஈரம் விரைவில் வற்றாமற் காக்கவும், பூச்சிகளைத் தடுக்கவும் செடிக்குத் துணைபுரிகின்றன.

விருத்தாசலத்துச் சிறுவர்க்கு இவ்வேற்றுமையை எளிதிற் புகட்டலாம். சூளையில் ஒருமுறை சுட்டு மெருகிடாத பீங்கான் கோப்பையும், மெருகிட்டு மறுமுறை சுட்ட கோப்பையும் அவர்கள் கைக்குப் புதியன அல்ல. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இன்னது இன்னதென்று அவர்கள் கூறிவிடுவர். அவ்விரலே துத்தி இலையையும் கோவை இலையையும் வேறுபடுத்தி அறியப் போதுமானது.

ஆனால் சுணையோடு மயங்கும் பொருள்கள் இரண்டு உள. முதலாவது முள். பிரம்மதண்டின் இலை விளிம்பிலும் தண்டிலும் காயிலும் முட்கள் நிறைந்திருக்கும். ஆயினும் அச்செடியில் மயிர் இல்லை. ஆமணக்கின் காயில் மென்முட்கள் உண்டு. அதன் இலையும் தண்டும் சுணையற்றவை. இரண்டாவது நீறு. ஆமணக்கின் இளந்தண்டில் வெண்ணிறமாகப் படிந்திருப்பது மயிரன்று. விரலால் துடைத்தால் போய்விடும் மெழுகுப் பூச்சேயாகும். முள்ளையும் நீற்றையும் நீக்கிவிட்டு, மயிர் உண்டா இல்லையா என்பதையே நோக்கவேண்டும்.

2. எங்கே, எப்போது பார்ப்பது?

இலையின் மேற்புறத்தை ஒருமுறை தடவிப் பார்த்துச் “சுணையில்லை” என்று முடிவு செய்வது பெரும்பிழை. பார்க்கவேண்டிய இடங்கள் ஆறு: இலையின் மேற்புறம், அதன் அடிப்புறம், சிறப்பாக நரம்புகளின் ஓரம், இலையின் விளிம்பு, தண்டின் இளநுனி, இலை தண்டோடு கூடும் கணு, காயின் மேற்பரப்பு.

கணுவைப் பார்ப்பதன் பயனைக் கீரைகளிலேயே காணலாம். பருப்புக்கீரையும் சிறுபசலையும் தரையோடு படரும் உறவுச் செடிகள். சிறுபசலையின் கணுக்களில் வெண்மயிர்க் குஞ்சம் தெளிவாக நிற்கும். பருப்புக்கீரையின் கணுவோ வெறுங்கண்ணுக்கு வழவழப்பாகவே தோன்றும். இலையை மட்டும் பார்ப்பவர்க்கு இவ்வேற்றுமை புலப்படாது.

பார்க்கும் பருவமும் முக்கியம். எருக்கின் இளந்தளிர் வெள்ளைப் பஞ்சு போர்த்தாற்போல் இருக்கும். முதிர்ந்த இலையின் மேற்புறத்திலோ அப்பஞ்சு பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆகையால் ஒரே செடியில் இளநுனி, நடுப்பகுதி, அடிப்பகுதி ஆகிய மூன்றையும் பார்க்கவேண்டும். ஓரிடத்தில் ஒரு செடியை மட்டும் பாராது, பத்துச் செடிகளையேனும் பார்க்கவேண்டும். மணத்தக்காளி போன்ற சில செடிகளில் சுணை ஒன்றில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் காணப்படுதலும் உண்டு.

கருவி பெரிதொன்றும் வேண்டுவதில்லை. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு பூதக்கண்ணாடி போதும். இலையைச் சூரியனுக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்து, விளிம்பின் வழியே ஒளி வருமாறு நோக்கினால் நுண்மயிர்கள் ஒளிக்கோடுகளாகத் தென்படும். பனி ஈரமும் மண்ணும் படிந்த இலையைத் துடைத்து உலர்த்திய பின்னரே பார்த்தல் வேண்டும்.

3. கீழாநெல்லியின் அடையாளங்கள்

கீழாநெல்லி ஓராண்டுப் பூண்டு. ஓரடி முதல் இரண்டடிக்குள் வளர்வது. தாவர நூலில் இதன் பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். 1827-ஆம் ஆண்டில் இப்பெயர் இடப்பெற்றது. இலை, தண்டு, காய் ஆகிய மூன்றும் சுணையற்றவை. செடியை ஒடித்தால் பால் வடிவதில்லை.

நடுத்தண்டில் மெய்யான இலைகள் இல்லை. நுண்ணிய செதில்களே உள. பக்கத்திற் பிரியும் மெல்லிய கிளைகளிலேயே இலைகள் இரு வரிசையாக அமைந்துள்ளன. எனவே, ஒவ்வொரு கிளையும் புளியிலையைப் போன்றதொரு கூட்டிலையோ என்று ஐயுறத் தோன்றும். இலையொன்றின் நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். கிளையைத் திருப்பிப் பார்த்தால், ஒவ்வோர் இலையின் கீழும் சிறு பூக்களும், நெல்லிக்காயைப் போன்ற வடிவுடைய நுண்காய்களும் வரிசையாகத் தொங்கும். கீழாநெல்லி என்னும் பெயர்க் காரணமும் இதுவே.

காயின் குறுக்களவு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். அதன் மேற்பரப்பு மழமழப்பானது. காயின் அடியில் இதழ்கள் உதிராது நிற்கும். அவை பெரும்பாலும் ஐந்து. காய்க்குள் மூன்று அறைகளும் அறைக்கு இரண்டு விதைகளும் உள. விதையின் முதுகில் நீளவாட்டத்தில் வரிகள் ஓடும்.

4. மயங்கவைக்கும் செடிகள்

கீழாநெல்லியென்று கருதிப் பறிக்கப்படும் செடிகளை, சுணை என்னும் சல்லடையில் முதலில் இட்டுப் பார்ப்போம்.

அம்மான் பச்சரிசி: இதன் தண்டிலும் காயிலும் மயிர் உண்டு, ஒடித்தால் பால் வரும். முதற் சல்லடையிலேயே இது நின்றுவிடும்.

கொழிஞ்சியின் இளங்கன்று: சிற்றிலைகள் இருபுறமும் வரிசையாக இருத்தலால் தூரத்தில் மயக்கம் தரும். இதன் சிற்றிலைகளின் அடிப்புறத்தில் பட்டுப்போன்ற மயிர் படிந்திருக்கும். சிற்றிலையின் நுனியைப் பிடித்து இழுத்தால் நரம்பின் போக்கிலே அம்புத் தலை வடிவாகக் கிழியும். இதுவும் நீங்கும்.

சிவப்புக் கீழாநெல்லி: தாவர நூலோர் இதனைப் பில்லாந்தஸ் யூரினேரியா என்பர். இது கீழாநெல்லியின் உடன்பிறப்பேயாதலால் மயக்கம் மிகுதி. தண்டின் செந்நிறத்தை மட்டும் கொண்டு இதனைத் தள்ளுவது சரியன்று. மெய்யான கீழாநெல்லியின் அடித்தண்டும் சில வேளைகளிற் சிவந்திருக்கும். இலையின் அடிப்புறத்தில் விளிம்பை ஒட்டிப் பூதக்கண்ணாடியால் நோக்குக. குட்டையான முரட்டு மயிர்கள் வரிசையாகத் தென்படும். காய் மழமழப்பாக இராது, பரு எழுந்தாற்போற் கரடுமுரடாக இருக்கும். காம்பு ஏறக்குறைய இல்லையென்றே கூறலாம். விதையில் வரிகள் குறுக்குவாட்டத்தில் இருக்கும். இலை விளிம்பும் காயும் ஆகிய இரண்டைப் பார்த்தாலே இச்செடியைப் பிரித்துவிடலாம்.

மேலாநெல்லி: இங்கே முதற் சல்லடை உதவுவதில்லை. ஏனெனில் இதுவும் சுணையற்றது. இதன் காயும் மழமழப்பானது. ஆனால் இதன் நடுத்தண்டிலும் மெய்யிலைகள் உண்டு. இலைகள் இரு வரிசையாக அன்றிச் சுற்றிலும் அமைந்து, அடியிற் குறுகி நுனியில் அகன்று ஆப்பு வடிவாக இருக்கும்.

பில்லாந்தஸ் டெபிலிஸ்: ஊர்ப்புறங்களில் இதற்கெனத் தனிப்பெயர் வழங்காது, இதனையும் கீழாநெல்லி என்றே பலரும் பறிப்பர். இலை, தண்டு, காய் மூன்றும் சுணையற்றவை. கிளை அமைப்பும் கீழாநெல்லியை ஒத்ததே. இலை இருமுனையிலும் குறுகியிருக்கும்; காயின் அடியிலுள்ள இதழ்கள் ஆறு. ஒரு காயோடு நில்லாது, பல காய்களைத் திருப்பி எண்ணிப் பார்த்தே இதனை முடிவு செய்யவேண்டும்.

இந்த ஐந்து செடிகளால் விளங்குவது யாதெனில், சுணையின்மை முதற் சல்லடையே அன்றி முடிவான சல்லடை அன்று. சுணை இருந்தால் “இது கீழாநெல்லி அன்று” எனத் துணிந்து கூறலாம். சுணை இல்லையாயின் “கீழாநெல்லியாக இருக்கலாம்” என்று மட்டுமே கூறலாம். அதன்பின் நடுத்தண்டையும், காயின் மேற்பரப்பையும், இதழின் எண்ணிக்கையையும் கேட்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் முறை.

5. பெயர்ப்பிழையால் விளையும் குழப்பம்

படித்தவர்களும் இவ்விஷயத்தில் நெடுங்காலம் மயங்கியிருந்தனர். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இட்ட பில்லாந்தஸ் நிரூரி என்னும் பெயராலேயே இந்தியக் கீழாநெல்லி நூல்களிற் குறிக்கப்பட்டு வந்தது. கேம்பிள் தொடங்கி பிஷர் முடித்து, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலும் அப்பெயரையே வழங்கியது. 1950-களில் வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கத் தாவர நூலார் இவ்வினத்தை ஆராய்ந்து, நிரூரி என்பது அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய வேறு செடி என்பதைத் தெளிவுபடுத்தினார். ஆயினும் பழைய பெயர் இன்றும் மருந்துச் சீட்டுகளிற் காணப்படுகின்றது.

இது வெறும் ஏட்டுச் சச்சரவு அன்று. 1988-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும், அவர்தம் துணைவரும் கீழாநெல்லியைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றை இலண்டன் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டனர். பி வகைக் காமாலைக் கிருமியை உடலிற் கொண்டிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லி கொடுத்ததில், 22 பேரிடத்து அக்கிருமியின் அடையாளம் மறைந்ததென்பது அதன் சாரம். பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகளில் அத்தகைய பயன் காணப்படவில்லை. வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு இனச் செடி பயன்பட்டதோ என்ற கேள்வியும் அவ்விவாதத்தில் எழுந்தது. கையிலிருக்கும் செடி இன்னதென்று உறுதியாகாதவரையில், அதன் குணத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் உறுதியாகாது.

காமாலை கண்டவர் கீழாநெல்லியை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது என்பதையும் இங்கே கூறுதல் கடமை. காமாலை ஒரே நோய் அன்று; பல நோய்களின் வெளிக்குறி. பித்தப்பைக் கல்லாலும், கிருமியாலும், மதுவாலும், வேறு மருந்துகளாலும் அது வரக்கூடும். ஆகையால் தாமதியாது ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். பி வகைக் காமாலையைத் தடுக்கும் ஊசி குழந்தைகளுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் போடப்படுகின்றது.

6. வழவழப்பான நஞ்சுகள்

சுணையற்ற செடி தீங்கற்றதென்று எண்ணுவது ஆபத்தான தப்பெண்ணம். கையை உறுத்தாத செடி வயிற்றையும் உறுத்தாது என்று சிறுவர் நம்பிவிடுகின்றனர். உண்மையோ வேறு.

எட்டி மரத்தின் இலை பளபளப்பானது. பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு திரண்டு மழமழவென்றிருக்கும். விதையிலோ உடலை வில்லாக வளைத்துக் கொல்லும் நஞ்சு உள்ளது. இலை, தண்டு, பழம் எதிலும் சுணையில்லாத இம்மரத்தின் விதையில் மட்டும் பட்டுப்போன்ற மயிர் படிந்திருப்பது கவனிக்கத்தக்கது. மஞ்சளரளி முழுதும் வழவழப்பானது. அதன் கொட்டை இருதயத்தை நிறுத்திவிடும். காட்டாமணக்கு வேலியோரத்தில் எங்கும் உள்ளது. அதன் விதையைப் பருப்பென்று தின்ற சிறுவர்க்குக் கடும் வாந்தியும் பேதியும் உண்டாகும். ஆடுதின்னாப்பாளை சுணையற்ற சிறு கொடி. ஆடும் தின்னாது என்று பெரியோர் பெயரிலேயே எச்சரித்துள்ளனர். அதிலுள்ள நஞ்சு சிறுநீரகத்தைக் கெடுப்பதென்றும், புற்றுநோயை உண்டாக்குவதென்றும் இன்று ஐயமின்றித் தெளிந்துள்ளது.

பிரம்மதண்டின் விதை கடுகைப் போன்றது. அதன் எண்ணெய் கடுகெண்ணெயிற் கலந்ததனால், 1998-ஆம் ஆண்டில் டெல்லியில் உடல் வீங்கும் நோய் பரவி 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஒரு களையின் விதையை மற்றொன்றாகக் கொள்வதன் விலை இத்தகையது.

எனவே, பெயர் தெரியாத செடியைச் சுவைத்துப் பார்த்து அறிய முயலுதல் எக்காரணத்தாலும் கூடாது. தொட்டும், முகர்ந்தும், கண்ணால் நோக்கியும் அறிக. தொட்ட கையைக் கழுவுக. நஞ்சு உண்டவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. உண்ட செடியின் ஒரு கிளையையும் கூடவே எடுத்துச் செல்க. வைத்தியருக்கு அது பெருந்துணை.

7. சங்கங்களும் பள்ளிகளும் செய்யத்தக்கவை

மருந்துச் சரக்கில் கூட்டுறவு முறை புதிதன்று. முற்காலத்தில் ஐக்கிய சங்கங்கள் எனப்பட்ட கூட்டுறவுச் சங்கங்களின் வழியில், 1944-ஆம் ஆண்டில் நாட்டு வைத்தியர்கள் ஒன்றுகூடிச் சென்னையில் அமைத்ததே இம்ப்காப்ஸ் என்னும் கூட்டுறவு மருந்து நிலையம். 1983-ஆம் ஆண்டில் மூலிகைப் பண்ணைகளுக்கும் மருந்துகளுக்குமாக டாம்ப்கால் என்னும் அரசாங்க நிறுவனமும் தோன்றியது. மருந்து செய்யுமிடத்தில் ஒழுங்கு எவ்வளவு இருப்பினும், வரப்பில் பறிக்கும் கை பிழைபட்டால் பயனில்லை.

மூலிகை பறிப்போர் பத்துப்பேர் சேர்ந்து ஒரு குழுவாகலாம். குழுவுக்கு ஒரு பூதக்கண்ணாடியும், ஒரு மாதிரி ஏடும் இருத்தல் வேண்டும். பூவும் காயும் உடைய முழுச்செடியை வேரோடு எடுத்து, பழைய செய்தித்தாள்களினிடையே வைத்துப் பாரமேற்றி, தாளை நாள்தோறும் மாற்றி உலர்த்துக. பின்னர் அதனைக் கெட்டித்தாளில் தைத்து, பறித்த ஊர், தேதி, மண், ஊர்ப்பெயர் ஆகியவற்றை எழுதுக. ஐயமுள்ள மாதிரியைத் திருச்சிராப்பள்ளி ராபினாட் உலர்தாவரச் சாலைக்கோ, கோயமுத்தூரிலுள்ள இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென்வட்டாரத்துக்கோ அனுப்பித் தெளிவு கேட்கலாம். இவ்வட்டாரச் செடிகளையும் அடக்கிய பெருநூலொன்றைப் பாதிரியார் கே. எம். மாத்யூ 1980-களின் தொடக்கத்தில் ராபினாட் சாலையிலிருந்தே வெளியிட்டார்.

பறிக்கும்போது செடி செடியாகப் பார்த்துப் பறிக்கவேண்டும். கை நிறைய அள்ளிப் பின்னர்ப் பிரிப்போம் என்பது நடவாது. காய்ந்தபின் இலைகள் உதிர்ந்து, அடையாளங்களிற் பாதி அழிந்துபோம். பூச்சிமருந்து தெளித்த கொல்லையிலும், சாக்கடை ஓரத்திலும், தொழிற்சாலைக் கழிவு சேருமிடத்திலும் பறித்தல் ஆகாது. சமூலமாகப் பறித்ததை மண்போக அலசி, நிழலில் மெல்லிதாகப் பரப்பிப் பூஞ்சணம் பற்றாமல் உலர்த்துக. அடுத்த ஆண்டின் விதைக்காக ஆங்காங்கே காய்த்த செடிகளை விட்டுவைப்பதும் கடமையாகும்.

பள்ளி ஆசிரியர்கள் மழைக்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துச் சென்று, சுணையுள்ளவை ஐந்தும் சுணையற்றவை ஐந்தும் கொண்டுவரச் செய்யலாம். பின்னர், “சுணையற்ற ஐந்தில் நஞ்சு எது?” என்று கேட்பாராயின், வழவழப்பு நன்மைக்கு அடையாளம் அன்று என்பது பிள்ளைகள் மனத்தில் ஆழப் பதியும்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

1. சுணை வேறு, முள் வேறு, நீறு வேறு.
2. இலையின் இருபுறம், விளிம்பு, இளநுனி, கணு, காய் ஆகிய ஆறிடத்தும் பார்க்க.
3. கீழாநெல்லி: இலை, தண்டு, காய் சுணையற்றவை, நடுத்தண்டில் மெய்யிலை இல்லை, காய் மழமழப்பு, அதன் அடியில் இதழ் ஐந்து, பால் இல்லை.
4. சுணையிருப்பின் தள்ளுக, இல்லையாயின் மேலும் ஆராய்க.
5. அறியாத செடியை வாயில் வையற்க.

பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. கோயிற்பணி செய்தோர்க்கு முனிவர் அவ்வன்னியின் இலைகளையே கூலியாகக் கொடுத்தாரென்றும், அவரவர் உழைத்த அளவுக்கு அவை பொன்னாக மாறினவென்றும் தலவரலாறு கூறும். வரப்பில் முளைத்த பூண்டும் அத்தகையதே. உற்று நோக்கிப் பறிப்பவர் கையில் அது கூலியாகும். நோக்காது அள்ளுபவர் கையில் வெறுங் களையாகும், சில வேளை நஞ்சுமாகும்.